மூடியை முகர்ந்து பார்க்கும் அக்கா

பெட்ரோல் கேனைத் திறந்ததும் அக்கா முதலில் கண்ணைத்தான் மூடுவாள். மூடியைத் திருகி எடுத்து, கேனுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், மூடியின் உட்பக்கத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் அப்படியே நின்றுவிடுவாள். ஒரே ஒரு மூச்சுதான். அந்த ஒரு மூச்சுக்குள் எங்கேயோ போய்விட்டு வருகிறாள் என்று எனக்குத் தோன்றும். பொழுது விடிந்து அப்போதுதான் முந்திரி மரங்களுக்குள் வெளிச்சம் இறங்கியிருக்கும். செம்மண்ணில் பனி ஈரம் காய்ந்திருக்காது. அந்த இடத்தில் ஒரு பொம்பளை கண்ணை மூடிக்கொண்டு பெட்ரோல் மூடியை மோந்துகொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். நிஜமாகவே பார்த்தேனா, கனவு கண்டேனா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

கண்ணைத் திறந்ததும் தீர்ப்பு வரும். "புதுசு" என்பாள். இல்லையென்றால், "பத்து நாளாச்சு, வேண்டாம்" என்பாள். சில நாள் என்னைப் பார்த்து, "ஆயில் பத்தலடி, இன்னும் அரை மூடி ஊத்து" என்பாள். ஒருநாளும் தப்பினதில்லை.

அக்காவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் திட்டுவாள். எங்கள் ஊரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வயசில் பெரியவர்களுக்கு "ஏ புள்ள", எங்களுக்கு அக்கா, வெளியூரிலிருந்து ரிப்பேருக்கு வருகிறவர்களுக்கு "மெஷின்காரம்மா", அவ்வளவுதான்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. சுற்றிலும் முந்திரித் தோப்பு. கொட்டை உதிர ஆரம்பிப்பதற்குள் மரத்தடிப் புதரையெல்லாம் வெட்டிச் சுத்தமாக வைத்தால்தான் பொறுக்க முடியும். அந்த வேலைக்காக எங்கள் மகளிர் குழு ஒரு புல் வெட்டும் மெஷின் வாங்கியது. தோளில் மாட்டிக்கொண்டு, நீளக் குழாயின் நுனியில் சுற்றுகிற தகட்டால் அறுத்துக்கொண்டே போக வேண்டும். மெஷின் வந்த அன்று அதன் சத்தத்தைக் கேட்டு ஒருத்தியும் கிட்டே போகவில்லை. "எங்க வூட்டுல வக்கிறேன்" என்று அக்காதான் முன்னால் வந்தாள். சின்ன வயசிலிருந்து அடுத்தவர் தோப்பில் அரிவாளோடு குனிந்தே கிடந்தவள். "நிமிந்து நின்னு புல்லு வெட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசடி" என்று என்னிடம் ஒருதரம் சொன்னாள்.

வெட்டுவது அக்கா, பின்னாலேயே போய் வாருவது நான். பெட்ரோலில் ஆயில் கலப்பதும் என் பொறுப்பு. பைக் மாதிரி அந்த மெஷினுக்கு ஆயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெட்ரோலிலேயே அளந்து கலந்துவிட வேண்டும். கூடிப்போனால் புகைந்து தள்ளும். கலக்காமலே ஓட்டினாலோ, உள்ளே பிஸ்டன் சூடேறி, இறுகி, மெஷின் செத்தே போகும். என் பொண்ணுக்கு வாங்கிய காய்ச்சல் மருந்தோடு வந்த அளவு மூடியைத்தான் ஆயில் அளக்க வைத்திருந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவசரக்குடுக்கை என்பார்களே, அது நான்தான். சோறு வேகும்முன் தட்டை வைப்பேன். ஆள் பேசி முடிக்கும்முன் பதில் சொல்வேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. எப்படி அக்காவோடு நாலு வருசம் ஒத்துப்போனேன் என்று எங்கள் வீட்டுக்காரர் இன்னும் ஆச்சரியப்படுகிறார்.

விக்கிரமங்கலம் பக்கம் ஒரு தோப்புக்குப் போயிருந்தோம். தோப்புக்காரர் தானே பெட்ரோல் கொடுத்தார். "நேத்துதாம்மா பங்க்குல புடிச்சேன்" என்றார். அக்கா மூடியைத் திறந்தாள், கண்ணை மூடினாள், திரும்ப மூடியைப் போட்டுக் கேனை அவர் காலடியிலேயே வைத்தாள்.

"இது போன வருசத்துதுங்க. வெயில்ல வேற கெடந்துருக்கு."

"ஏம்மா, பெட்ரோல்னா பெட்ரோல் நாத்தம்தான் அடிக்கும். நீ என்ன மோந்து பாத்து தேதி சொல்றியா?"

மரத்தடியில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "போன வருசம் கொட்ட பொறுக்குனப்ப வாங்குனதுதாங்க அது. மோட்டார் ரூம் மேல கெடந்துச்சு, இவருதான் எறக்கிட்டு வந்தாரு." மனுஷன் வண்டியை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போனார். வெயில் ஏறுகிறதே என்று நான் முணுமுணுத்தேன். "ஊசிப்போன சோத்த நீ திம்பியாடி?" என்றாள் அக்கா. "மாட்டன்னு சொல்ல ஒனக்கு வாயி இருக்கு. மெஷினுக்கு இல்ல, பாவம்." அவர் திரும்பி வரும்வரை மரத்தில் சாய்ந்து கிளைகளைப் பார்த்தபடி இருந்தாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

பெயர் மெல்லப் பரவியது. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைப் பக்கமிருந்து ஒருத்தர் மரம் அறுக்கும் மெஷினைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டையே இறங்கிப்போயிற்று என்று புலம்பினார். "ரெண்டு எடத்துல காமிச்சுட்டேங்க. இஞ்சின் போச்சு, புதுசு வாங்கிக்கன்றாங்க." அக்கா டேங்கைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தாள். "இஞ்சின் போவல. நீங்க ஊத்துன சாப்பாடுதான் கெட்டுக் கெடக்கு" என்றாள். பழசைக் கொட்டிவிட்டுக் கார்புரேட்டரைக் கழற்றினாள். உள்ளே மரத்தில் வடிகிற முந்திரிப் பிசின் மாதிரி பழுப்பாக ஒட்டிக்கிடந்தது. காற்று வடிகட்டுகிற பஞ்சைப் பிதுக்கினாள், வெள்ளைத் தூசி பொலபொலவென்று கொட்டியது. அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டி, புதுப் பெட்ரோல் கலந்து ஊற்றினாள். மூன்றாவது இழுப்பில் மெஷின் உறுமியது. அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "எனக்கு எதுக்குங்க கும்புடு? வாரத்துக்கு ஒருக்கா அந்தப் பஞ்ச அலசுங்க, அது போதும்" என்றாள்.

அவளைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயமும் உண்டு. ஒருநாள் என் பொண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்து குழந்தையின் உச்சந்தலையை மோந்தாள். "இதுக்குக் காய்ச்சல் வரப்போவுது, தலைக்கு ஊத்தாத" என்றாள். பொண்ணு அப்போது சிரித்து விளையாடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் உடம்பு கொதித்தது. என்னக்கா இது என்று கேட்டதற்கு, "சொல்லத் தெரியலடி. எல்லாத்துக்கும் ஒரு வாசன இருக்கு, மாறும்போது தெரியும்" என்றாள். பெட்ரோலையும் பிள்ளையையும் அவள் ஒரே மாதிரிதான் மோந்தாள்.

வேலை முடிந்ததும் கிளம்பவும் விடமாட்டாள். டேங்கில் மிச்சம் இருப்பதைக் கேனுக்கு மாற்றிவிட்டு, மெஷினை மறுபடி ஓட விடுவாள், தானாக அடங்குகிற வரைக்கும். உள்ளே ஒரு சொட்டு தங்கினாலும் அது பிசினாகிவிடுமாம். கடைசிச் சொட்டைக் குடிக்கும்போது மெஷின் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டும், பிறகு பொசுக்கென்று நின்றுவிடும். நீல நிறப் புகை மரங்களுக்கு நடுவே நகராமல் நிற்கும். காதுக்குள் மட்டும் இன்னும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகத் தோப்பின் சத்தங்கள் திரும்ப வரும், ஒரு மைனா, எங்கோ ஒரு டிராக்டர். "பஸ்ஸு போயிடும்க்கா" என்பேன். "போவட்டும், அடுத்தது வரும்" என்பாள். அந்த நேரத்தில் மட்டும் எனக்கும் அவசரம் மறந்துபோகும்.

பிறகு அந்தக் கொரோனா வருசம் வந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் படுத்தார்கள். அக்காவும் படுத்தாள், இருபது நாளில் எழுந்தாள். இளைத்திருந்தாள், மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள். தை பிறந்ததும் வேலை ஆரம்பித்தோம். காலையில் மூடியைத் திறப்பதும், கண்ணை மூடுவதும், "நல்லாருக்கு, ஊத்து" என்பதும் முன்போலவேதான் நடந்தன. அவள் இப்போதெல்லாம் "நல்லாருக்கு" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. நான் வேலையில் தேறிவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன், பெருமை வேறு.

அந்தக் காலையும் வந்தது. பெட்ரோலைக் கேனில் ஊற்றிவிட்டு ஆயில் பாட்டிலைக் கையில் எடுத்தேன். பொண்ணின் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்தது. பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு அவளை ஏற்றிவிட ஓடினேன். திரும்பி வந்து கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தோப்பில் அக்கா மூடியை மோந்தாள். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றாள். "நல்லாருக்கு, ஊத்து." ஊற்றினேன்.

முழுசாக நாலு மரம் தாண்டவில்லை. மெஷின் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. இத்தனை வருசத்தில் நான் கேட்காத சத்தம். அப்படியே நின்றுபோயிற்று. அக்கா கயிற்றை இழுத்தாள், ஒரு விரற்கடைகூட வரவில்லை. இறுகிவிட்டது. தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்து, டேங்கைச் சரித்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, விரலால் தேய்த்துப் பார்த்தாள். வழுவழுப்பே இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆயில் பாட்டில் எங்கள் வீட்டு ஜன்னலில் இருப்பது கண் முன்னால் தெரிந்தது.

ஆனால் என் வாய் என்ன கேட்டது தெரியுமா? "நீ மோந்து பாத்தியேக்கா?" என்று கேட்டது.

அக்கா கீழே உட்கார்ந்தாள். "வூட்டுல சோறு தீஞ்சாகூட எனக்குத் தெரியறதில்லடி. பொக வந்து கண்ணு எரிஞ்சாத்தான் தெரியுது" என்றாள். "காய்ச்சல்லேருந்தே இப்புடித்தான். இன்னிக்கி வந்துடும், நாளைக்கி வந்துடும்னு பாக்குறேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருகிட்டயும் சொல்லாத. நான் மறந்துட்டன்னு சொல்லிக்கிறேன்."

இதை எழுதும்போது எனக்குத் தாங்கவில்லை. ஆயில் கலந்தால் பெட்ரோலின் நிறமே மாறும். பச்சையாகத் தெரியும். கண்ணால் பார்த்திருந்தால் பால்வாடிப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேனை இரண்டு பேருமே பார்க்கவில்லை. நாலு வருசமாக நாங்கள் அப்படித்தான் வேலை செய்திருந்தோம்.

மறுநாள் குழுக் கூட்டம், தலைவியம்மா வீட்டு முற்றத்தில். மெஷின் நடுவில் கிடந்தது. அக்கா எழுந்து நின்று, "நான்தாங்க ஆயில் கலக்க மறந்துட்டேன். என் தப்புதான்" என்றாள். ஆளாளுக்குக் கத்தினார்கள். கொஞ்ச நேரம்தான். தலைவியம்மா நல்ல மாதிரி. "சரி வுடு. காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச ஒடம்பு, மறதி வரத்தான் செய்யும். எல்லாருமா சேந்து ரிப்பேர் பண்ணிக்கலாம். இனிமே பாத்து இரு" என்றது. அக்கா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. எல்லாரும் எழுந்திருக்கப் போனார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. என் தப்பை ஒருத்தி தலையில் தாங்கிக்கொண்டு நிற்கிறாளே என்று ஆற்றாமை. "அக்கா மேல தப்பு இல்லைங்க. ஆயில் கலக்காதது நான்தான்" என்று கத்திவிட்டேன். சொன்னதும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. என்னமோ பெரிய நியாயம் செய்துவிட்டதாக நினைப்பு.

தலைவியம்மா என்னைப் பார்த்தது, அப்புறம் அக்காவைப் பார்த்தது. "இவ கலக்கலன்னா ஒனக்கு மூக்குல வேத்துருக்குமே புள்ள? மோந்து பாக்காமயா ஊத்துன?"

பின்னாலிருந்து ஒருத்தி, "அதுக்கு மூக்கு வேல செய்யலியோ என்னமோ" என்றாள். தலைவியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அக்காவுக்குப் பரிந்துகொண்டுதான் எழுந்தது, அது சத்தியம். உள்ளே போய் ஒரு சில்வர் டம்ளரைத் தட்டால் மூடிக்கொண்டு வந்தது. "இந்தா, இவளுவோ வாய அடைக்கிற மாரி சொல்லு. இதுல என்ன இருக்கு?"

தட்டை லேசாக விலக்கிப் பிடித்தது. அக்கா வழக்கம்போலக் கண்ணை மூடினாள். முகத்தில் அதே அமைதி. எங்கேயோ போய்விட்டு வருகிற அதே முகம். வேண்டாம்க்கா, கண்ணைத் திறந்து பார் என்று மனசுக்குள் கத்தினேன். பேச வேண்டிய அந்த ஒரு நேரத்தில் என் வாய் திறக்கவில்லை.

"பெட்ரோலு. புதுசு" என்றாள் அக்கா.

டம்ளரில் இருந்தது குடிக்கிற தண்ணீர்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. தலைவியம்மா அந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது.

திரும்பி வரும்போது நானும் அக்காவும் சேர்ந்துதான் நடந்தோம். அவள் வீட்டுத் திருப்பத்தில் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "மறதின்னா ரெண்டு வார்த்த சொல்லிட்டு வுட்டுருவாங்க" என்றாள். "மூக்கு போச்சுன்னா என்னைய யாருடி கூப்புடுவா?" உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. வெளியூர் ஆட்கள் வருவது ஒரு மாசத்தில் நின்றது. கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்ட அவள் கைக்கு இன்னமும் தெரியும், பஞ்சை அலசத் தெரியும், சத்தத்தை வைத்தே பிளக்கில் கரி ஏறியிருப்பதைச் சொல்லத் தெரியும். அதெல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை. புது பிஸ்டன் போட்டு மெஷின் திரும்பி வந்தபோது, அதை எங்கள் வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொன்னவளாம் நான். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "நீயே வச்சுக்க, வேற எவகிட்டயாவது போனா அத கொன்னுடுவாளுவோ" என்று அக்காவே சொன்னபிறகுதான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது நான் வெட்டுகிறேன். பெட்ரோலையும் ஆயிலையும் கண்ணாடிப் பாட்டிலில் கலந்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, பச்சை ஏறியிருக்கிறதா, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துத்தான் ஊற்றுகிறேன். இப்போது எத்தனால் கலந்து வருகிற பெட்ரோல் ஈரத்தைச் சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது, அதனால் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன். பாட்டிலில் எல்லாமே தெரிகிறது. இத்தனை சுலபமான காரியமா இது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அழுகையாக வருகிறது.

பின்னால் வாருவது அக்கா. நான் கூப்பிடவில்லை, அவளாகவே ஒருநாள் வாருகோலோடு வந்து நின்றாள்.

போன மாசியில் ஒரு தோப்பில் வேலை. மத்தியானம் மெஷினை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். மரமெல்லாம் பூத்துத் தள்ளியிருந்தது. அந்த இனிப்பு வாசனை மூக்கில் ஏறி, தலையே லேசாகச் சுற்றியது. எது மரம், எது நிழல் என்று தெரியாமல் எல்லாம் ஒரு மாதிரி மிதந்துகொண்டிருந்தது. அக்கா அண்ணாந்து கிளைகளைப் பார்த்தாள்.

"பூ வாசன வருதாடி?"

ஒருதரம் உண்மையைச் சொல்லிப் பட்டது போதாதா. "இல்லக்கா" என்றேன். "இன்னும் சரியா பூக்கல. ஒண்ணும் வரல."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

"பொய் சொல்லாதடி. தேனீ எரையுறது எனக்குக் கேக்குது."

"வருதுக்கா" என்றேன். "தோப்பு பூரா வருது."

"அப்புடிச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சருகை வார ஆரம்பித்தாள்.